செத்த பிறகு உயில் எழுதியவர்

மதுரையிலிருந்து ஒரு வாசகி: பேத்தி மாசசூசெட்ஸில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கொடிவழி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு நான்கு தலைமுறை சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை அமெரிக்கர். ‘1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்டின் வம்சம் நாங்கள்’ என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். கையில் ஒரு காகிதம் கிடையாது. நம்பலாமா?

அம்மா, 31 வருடம் சார்பதிவாளர் அலுவலகங்களில் பத்திரம் பார்த்தவன் நான். நிலம் விற்க வருகிற சிலர், ‘இது தஞ்சாவூர் ராஜா எங்கள் முன்னோருக்குக் கொடுத்தது’ என்று ஆரம்பிப்பார்கள். ‘ராஜா இருக்கட்டும், உங்கள் பெயருக்கு எப்படி வந்தது?’ என்பேன். பாதிப்பேர் அங்கேயே தடுமாறுவார்கள். உங்கள் சம்பந்தி வீட்டாரிடமும் அதையே கேளுங்கள்.

ஹவ்லண்டிலிருந்து கீழே இறங்காதீர்கள். அவருக்குப் பத்துப் பிள்ளைகள். இன்று அவர் வழி வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதிகள் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ்களும் அதில் அடக்கம். மேலிருந்து இறங்கினால் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துகொள்ளலாம். மாப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி மேலே ஏறுங்கள். அவருடைய அப்பா அம்மா, அவர்களின் கல்யாணப் பதிவு, அவர்களைப் பெற்றவர்கள் என்று படிக்கு ஒரு காகிதம் வேண்டும். மூலப்பத்திரத் தொடர் மாதிரிதான். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் வில்லங்கம்.

1850 வரை ஏறுவதில் பெரிய சிரமமில்லை. அந்த வருடத்து மக்கள்தொகைக் கணக்கில்தான் முதன்முதலாக, அடிமைகள் நீங்கலாக, வீட்டில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். 1790 முதல் 1840 வரையுள்ள கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் இத்தனை ஆண், இத்தனை பெண் என்ற எண்ணிக்கையோடு சரி. 1890ஆம் வருடத்துக் கணக்கு 1921 தீவிபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அதற்காக ஒரு வாரம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், நான் தேடினேன்.

மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் ஓர் எழுத்தர் உட்கார்ந்து பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் குடியேற்றக் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார். மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றின் பதிவேடுகள் 1850 வரை அச்சாகிப் புத்தகமாகவே கிடைக்கின்றன. இன்னும் ஒரு நல்ல செய்தி: 1897இல் தொடங்கிய மேஃபிளவர் சந்ததியர் சங்கம், கப்பலில் வந்தவர்களின் முதல் ஐந்து தலைமுறையை ஆதாரத்தோடு வெள்ளி நிற அட்டை போட்ட தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. மாப்பிள்ளையிலிருந்து ஏறி, அந்தத் தொகுதியில் இருக்கும் யாராவது ஒருவரைத் தொட்டுவிட்டால் போதும். மிச்சத்தை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள்.

‘வீட்டில் சொல்கிறார்கள்’ என்பதற்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்பதை ஹவ்லண்ட் குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். ஜான் ஹவ்லண்ட், ஜான் கார்வர் என்பவரின் பணியாளாகக் கப்பலேறிய வாலிபர். புயல் வேளையில் மேல்தளத்துக்கு வந்து, கடலில் விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர். கப்பலில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தின் முதல் கவர்னர் ஆனார் எஜமானர் கார்வர். ஹவ்லண்டின் மனைவி எலிசபெத் அந்தக் கவர்னரின் மகள் என்று வம்சத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள், கல்லிலும் வெட்டிவைத்தார்கள். கவர்னர் வீட்டுச் சம்பந்தம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கார்வருக்கு அடுத்து வந்த கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டு தம் கைப்படப் பிளிமத்தின் வரலாற்றை எழுதிவைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி காணாமல் போய், 1855இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அதில் கப்பலில் வந்தவர்களின் பட்டியலும், யார் இறந்தார், யாருக்கு யார் பிறந்தார் என்ற விவரமும் இருக்கின்றன. ஜான் டில்லியும் மனைவியும் கரையேறிய கொஞ்ச நாளில் இறந்தார்கள், அவர்கள் மகள் எலிசபெத் ஜான் ஹவ்லண்டை மணந்தாள் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கவர்னர் மகள் கதை அன்றோடு முடிந்தது. முதல் குளிர்காலத்தில், வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் போய்விட்டார்கள். அப்பா, அம்மா, கூட வந்த சித்தப்பா, சித்தி நால்வரையும் பறிகொடுத்துத் தனியாக நின்ற 13 வயதுப் பெண் இந்த எலிசபெத். கவர்னர் மகளை இவள் பக்கத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இவளுடைய உயிலைத் தேடிப் படியுங்கள். 1686 டிசம்பரில் எழுதியது. தனக்கு வயது 79 என்று அவளே சொல்கிறாள். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயரின் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டில், 1607 ஆகஸ்ட் 30 அன்று அவளுக்கு ஞானஸ்நானம். கூட்டிப் பாருங்கள். மூத்த மகன் ஜானுக்கு ஐந்து பவுண்டும், பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த டின்டேல் எழுதிய புத்தகமும். ஜோசப்புக்கு எடை போடும் வெள்ளிக்கோல். ஜாபெஸுக்கு இறகு மெத்தை, அது ஏற்கெனவே அவன் வசம்தான் இருக்கிறது என்ற குறிப்போடு. கூடவே பெரிய இரும்புப் பானையும் அதை மாட்டும் கொக்கியும். யார் வீட்டில் எது கிடக்கிறது என்று கிழவிக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள்களை லிடியா பிரவுன், எலிசபெத் டிக்கின்சன், ஹன்னா பாஸ்வொர்த் என்று புருஷன் வீட்டுப் பெயரோடு சொல்கிறாள். இதுதான் நமக்கு வேண்டியது. கல்யாணம் ஆனதும் பெண்கள் வேறு பெயருக்குள் மறைந்துவிடுவார்கள். அவர்களைத் திரும்பப் பிடித்துத் தருவது தாய் தகப்பனின் உயில்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: ஓர் அமெரிக்க வம்சாவளியில் இறந்த தேதி ‘1672/3 பிப்ரவரி’ என்று இருக்கிறது. எழுதியவருக்கே சந்தேகமா?

இல்லை ஐயா, எழுதியவர் விவரம் தெரிந்தவர். 1752 வரைக்கும் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய வருடத்தின் வால். பிளிமத் பதிவேட்டில் ஜான் ஹவ்லண்ட் இறந்தது 1672 பிப்ரவரி 23. அவருடைய உயிலின் தேதி 1672 மே 29. நான் முதலில் இதைப் பார்த்தபோது பழக்க தோஷத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். செத்து மூன்று மாதம் கழித்து உயில் எழுதினால் எந்தச் சார்பதிவாளர் ஏற்பார்? பிறகுதான் புரிந்தது: அவர்கள் கணக்கில் 1672 மே முதலில் வரும், 1672 பிப்ரவரி கடைசியில் வரும். நம் கணக்கில் அவர் இறந்தது 1673. இரண்டையும் காட்டத்தான் 1672/3. பழைய ஏடுகளில் ‘முதல் மாதம்’ என்று இருந்தால் அது மார்ச் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று வைத்து, 11 நாளைத் தள்ளிவிட்டார்கள். அந்த நாட்களில் யாரும் பிறந்ததாகவோ இறந்ததாகவோ ஒரு கொடிவழி சொன்னால் அதை மூடி வைத்துவிடலாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: மருமகளின் முன்னோர் இருந்த ஊரில் ஒரே காலத்தில் அதே பெயரில் மூன்று பேர். ஒருவருக்கு ‘சீனியர்’, ஒருவருக்கு ‘ஜூனியர்’. அப்பா பிள்ளை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொண்டு அவமானப்பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, சம்பந்தியம்மாவுக்காக அவர்கள் வம்சத்தைத் தேட ஆரம்பித்தேன். ஊர்ப் பதிவில் சீனியர் ஒருவர், ஜூனியர் ஒருவர். ஜூனியருக்கு அப்பாவாகச் சீனியரைப் பிடித்தால் மேலே நேராக மேஃபிளவர். சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டேன். அவர்கள் கேக் வாங்கிவந்து, அதன் மேல் ஒரு கப்பல் வரையச் செய்து, அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நிலப்பத்திரங்களுக்குப் போனேன். அங்கே அட்டவணை எழுதிக்கொடுத்தவர் பெயரில் ஒன்று, எழுதிவாங்கியவர் பெயரில் ஒன்று. நம் அலுவலகத்தின் இன்டெக்ஸ் ஒன்றைத் திறந்த மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கணவன் நிலத்தை விற்றால், அவன் இறந்தபின் மனைவி அனுபவிக்க வேண்டிய மூன்றில் ஒரு பங்கு உரிமையை அவள் விட்டுக்கொடுத்ததாகவும் அந்தக் காலத்துப் பத்திரங்களில் எழுதி வாங்குவதுண்டு. அதனால் மனைவி பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் பொருந்தவில்லை. இன்னொரு பத்திரத்தில் நான்கெல்லை: வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, ஒரு கற்குவியல் வரை போய், ‘என் தம்பி மகன்’ நிலத்தில் முடிகிறது. அந்தத் தம்பி மகன்தான் ஜூனியர். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் பெரியவர் சீனியர், சிறியவர் ஜூனியர். உறவே இல்லாவிட்டாலும் அப்படித்தான். பெரியவர் செத்தால் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார், மூன்றாமவர் ஜூனியர் ஆவார்.

உறவுச் சொற்களையும் நம்பாதீர்கள். நமக்குப் பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு, மாமா வேறு. அவர்கள் ‘கசின்’ என்ற ஒரே சொல்லில் அண்ணன் பிள்ளையையும் அடக்கினார்கள். ‘மதர் இன் லா’ என்று 17ஆம் நூற்றாண்டு உயிலில் இருந்தால் மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். ‘பிரதர்’ சில இடங்களில் மைத்துனர், சில இடங்களில் ஒரே சபையைச் சேர்ந்தவர். மனைவி பெயர், நிலம், தொழில், பக்கத்து நிலத்துக்காரர் இந்த நான்கும் பொருந்தினால்தான் ஆள் ஒன்று.

கேக்கை என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மரபணு சொல்லிவிடாதா?

உயிரோடு இருக்கும் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சகோதரர்களைக் கண்டுபிடிக்க நல்ல கருவி. 1620க்கு அது போதாது. பத்துத் தலைமுறை ஏறினால் அந்த வரிசையில் 1,024 இடங்கள். அவர்களில் பலருடைய மரபணுத் துண்டு ஒன்றுகூட நம்மிடம் மிஞ்சியிருக்காது. மிஞ்சாவிட்டாலும் அவர் பாட்டன்தான்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: என் மருமகள் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். அவள் தகப்பனார் வம்சத்தை வர்ஜீனியாவில் 1870 வரை கொண்டுபோய்விட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அழுகிறாள். உங்களால் வழி சொல்ல முடியுமா?

அம்மா, அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், அவள் தேடலில் குறை ஒன்றும் இல்லை. அடிமையாக இருந்த பெரும்பாலோரின் பெயர் மக்கள்தொகைக் கணக்கில் முதன்முதலாக ஏறியதே 1870இல்தான். 1850இலும் 1860இலும் அவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். மேலே உரிமையாளர் பெயர்; கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அநேகமாக எல்லா இடத்திலும் பெயர் இல்லை. அந்தத் தாளின் படம் ஒன்றைப் பார்த்தேன். ஒரு வரியில் வயது 1 என்று இருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

வழி இருக்கிறது. விடுதலையானவர்களுக்காக 1865இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். 1874இல் அது மூழ்கிவிட்டது, போட்டவர்களில் பலர் பணத்தை இழந்தார்கள். ஆனால் கணக்குத் திறந்தவர்களிடம் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிறந்த ஊர் என்று கேட்டு எழுதிய பதிவேடுகள் இருக்கின்றன. சிலவற்றில் பழைய எஜமானன் பெயரும் உண்டு. அதே காலத்தில் அரசு நடத்திய விடுதலையானோர் துறையின் தாள்களில் கூலி ஒப்பந்தங்களும் கல்யாணப் பதிவுகளும் கிடைக்கும். சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் ஃபேமிலிசர்ச் நிறுவனத்தின் வழியாக இவற்றைக் காசில்லாமல் தேடலாம். எஜமானன் யார் என்று தெரிந்துவிட்டால், அவன் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலுக்குப் போக வேண்டும். குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவில், முதற்பெயர் மட்டும் போட்டு, விலையும் போட்டு மனிதர்களை எழுதியிருப்பார்கள். அந்தத் தாளை அவள் தனியாகப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். ஒன்று மட்டும் கவனம்: கடைசி எஜமானனின் குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வர்ஜீனியாவின் பல மாவட்டங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிய நீதிமன்ற ஏடுகள் 1865 ஏப்ரல் தீயில் எரிந்தன. அனுப்பாத மாவட்டமாக இருந்தால் அவளுக்கு அதிர்ஷ்டம்.

அவள் வம்சம் பின்னால் வந்து சேர்ந்தது என்று யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள்: ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் கொண்டுவந்து இறக்கப்பட்டது 1619இல், மேஃபிளவருக்கு ஒரு வருடம் முன்னால். 1625 கணக்கெடுப்பில் கேப்டன் வில்லியம் டக்கர் வீட்டில் ஆண்டனி, இசபெல், ஞானஸ்நானம் பெற்ற அவர்கள் குழந்தை வில்லியம் என்று மூன்று பேர் பெயரோடு இருக்கிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: அந்தக் காலத்து அமெரிக்காவில் நம்மவர் யாராவது இருந்தார்களா?

உங்கள் ஊர்ப் பெயருள்ள ஊரிலேயே ஒருவர் நடந்திருக்கிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்து சேலத்தில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1790 டிசம்பரில், மதராஸிலிருந்து வந்த ஓர் ஆளை முதன்முதலாகப் பார்த்ததாக எழுதுகிறார். நல்ல கறுப்பு, நீண்ட கருங்கூந்தல், உயரம், அளவான உடற்கட்டு. கப்பல் தலைவர் ஒருவரோடு வந்தவர். இவ்வளவு உற்றுப் பார்த்த மனுஷர் பெயரைக் கேட்டு எழுதவில்லையே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

அதற்கும் 155 வருடம் முன்னால், 1635இல், வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனஃபி என்பவர் 24 பேரை அழைத்துவந்த கணக்கில் ஆளுக்கு 50 ஏக்கர் வீதம் 1,200 ஏக்கர் பெற்றார். அந்த 24 பேரில் ஒருவர் ‘டோனி, கிழக்கிந்தியர்’. அவரைத் தமிழராக்கிவிட எனக்கும் ஆசைதான். தாளில் இருப்பது இரண்டு சொல், ஆசையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

எதிர்த்திசையில் ஒரு காகிதம் நம்மிடமே உண்டு. பாஸ்டனில் 1649இல் பிறந்த எலிஹு யேல் பின்னாளில் மதராஸ் கவர்னர் ஆனார். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தின் கல்யாணப் பதிவேட்டில் முதல் கல்யாணம் அவருடையது, 1680 நவம்பர் 4.

வேலூரிலிருந்து ஒரு வாசகர்: ஒரு நிறுவனம் பணம் கட்டினால் வம்சாவளியும் குடும்பச் சின்னமும் சட்டம் போட்டு அனுப்புகிறது. வாங்கலாமா?

சுவரில் ஆணி இருந்தால் வாங்குங்கள். ஆனால் குஸ்தாவ் ஆன்ஷு என்பவரைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் நியூயார்க்கில் உட்கார்ந்து பணக்காரக் குடும்பங்களுக்கு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தவர் அவர். குடியேறிய முன்னோரை ஐரோப்பியப் பிரபுக் குடும்பத்தில் கொண்டுபோய் ஒட்டுவதற்கு, இல்லாத உயில்களையும் இல்லாத பதிவுகளையும் எழுதிச் சேர்த்தார். அவர் 1942இல் செத்துவிட்டார்; அவர் எழுதிய பொய்கள் இன்றும் கொடிவழிகளில் உயிரோடு இருக்கின்றன. எங்கள் காலத்தில் போலி முத்திரைத் தாள் ஆசாமிகள் உண்டு, அவர்கள் நிலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: போன இதழிலும் சம்பந்தியம்மா வம்சத்தைத் தேடியதாக எழுதினீர்கள். கடைசியில் அவர்கள் மேஃபிளவர் குடும்பம்தானா?

இல்லை அம்மா. ஏணி 1720களில் நின்றுவிட்டது. மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவர் ஓர் ஊருக்கு வந்து ஒன்பது ஏக்கர் வாங்குகிறார். விற்றவர் பெயர் இருக்கிறது, வாங்கியவர் எங்கிருந்து வந்தார் என்பது அந்தப் பத்திரத்தில் இல்லை. கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட்டிருக்கிறார், வட்டத்துக்குள் ஒரு கோடு. அவர் இறந்தபோது எடுத்த பட்டியலில் இழைப்புளிகள், இரண்டு பசுமாடு, ஒரு பழைய பைபிள். நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். சம்பந்தியம்மா தாளை வாங்கி, அந்தக் குறியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘பீப்பாயின் அடித்தட்டு மாதிரி இல்லை?’ என்று கேட்டார். பத்திரம் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை.